தேடிக் கிடைக்காத சாமான் இல்லாத சாமான்தான்

கற்பிட்டி, புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம் என்று எங்கட கரையோரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு லாச்சி இருக்கும். இழுத்தால் பாதி தூரம் வந்து இறுகி நிற்கும். உள்ளே பழைய ரிமோட், கழற்றின போன் பற்றரி, எரிந்த எல்.ஈ.டி பல்ப், ரேடியோவின் போர்ட், எதற்கென்றே தெரியாத நாலு சார்ஜர், ஒரு சொப்பிங் பேக் நிறைய ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். "வீசாதே, பிறகு உதவும்" என்று வாப்பாவோ அண்ணனோ போட்டு வைத்தது. பிறகு என்று ஒரு நாள் வரும்போது அந்த லாச்சிக்குள் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் புதுசு வாங்கத்தான் போவோம்.

இந்தச் சின்ன விசயத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். எங்கட பதில்: ஆம். ஒரு வீட்டில் உடைந்ததைத் திருத்த முடியுமா இல்லையா என்பதைப் பல நேரம் அந்த லாச்சிதான் தீர்மானிக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதைவிடப் பெரிய விசயமும் அதற்குள்தான் கிடக்கு. ஆகவே எலெக்ட்ரோனிக் சில்லறைச் சாமான்களை எப்படி வைப்பது என்பதை ஒழுங்கு, அழகு என்ற கணக்கில் பார்க்காமல், வசதியும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட கேள்வியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம்.

எங்களில் பலர் பாடசாலையில் தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்கள் அல்லது படித்து முடித்தவர்கள். 2013இல் அந்தப் பிரிவு உயர்தரத்தில் வந்த பிறகு ஆர்டுயினோ, சென்சர், மோட்டார் எல்லாம் எங்கட வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. புரொஜெக்ட் முடிந்ததும் அந்தச் சாமான் எங்கே போகிறது? மேலே சொன்ன லாச்சிக்குள்தான்.

வெளிநாட்டு அறிவுரையும் எங்கட உப்பும்

யூடியூப்பில் தேடினால் அறுபது சின்ன லாச்சி உள்ள பிளாஸ்டிக் அலுமாரிகளைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் அச்சடித்த லேபல். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை காய்ந்த குளிர் நாட்டில் எடுத்தவை. அங்கே முதல் எதிரி நிலைமின்சாரம். இங்கே முதல் எதிரி உப்பு.

சோளகம் வீசுகிற மாதங்களில் கடற்கரை வீட்டின் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். சமையலறை உப்புப் போத்தல் சில நாட்களில் கசிந்து நிற்பது இதனால்தான். உப்பளம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதுசு இல்லை. ஆனால் இதே வேலை ஒரு ட்ரான்சிஸ்டரின் காலிலும் நடக்கிறது என்பதை யோசிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் உலோகத்தில் ஒட்டும். இரவில் ஈரம் ஏறியதும் அது உப்புத்தண்ணிப் படலமாகிவிடும். செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும், இரும்புக் கால் கறள் பிடிக்கும், ஈயம் பூசின கால் மங்கிப்போய் சோல்டர் ஒட்டாது. சாமான் உள்ளே நல்லாத்தான் இருக்கும், ஆனால் போர்ட்டில் பற்றாது.

அதனால் திறந்த லாச்சி அலுமாரி எங்களுக்குச் சரிவராது. வேண்டியது மூடி இறுக்கமான டப்பா. றப்பர் வளையம் வைத்த சாப்பாட்டு டப்பா ஒன்று போதும் (அதற்குப் பிறகு அதைச் சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது). உள்ளே சிப் பூட்டுள்ள சின்னப் பைகள். ஒரு மூலையில் சிலிக்கா ஜெல். புதுச் சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற பொட்டலங்களைச் சேர்த்தாலே ஒரு டப்பாவுக்குக் காணும். அரிசியைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. அரிசி ஈரத்தைக் கொஞ்சம்தான் இழுக்கும், தூசியும் பூச்சியும் கூடவே வரும். சிலிக்கா ஜெல் நிறைந்துபோனால் சுமார் 120 பாகை சூட்டில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் நீல நிறத்தில் இருக்கிற வகையில் கோபால்ட் உப்பு உண்டு, அது நஞ்சு. அதைச் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம்.

இன்னும் மூன்று பழக்கத்தை விட வேண்டும். ஒன்று, பத்திரிகைத் தாளில் சுற்றி வைப்பது. தாளிலும் அட்டையிலும் இருக்கிற அமிலமும் கந்தகமும் வெள்ளி பூசின கால்களைக் கறுப்பாக்கும். இரண்டு, றப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது. அதிலும் கந்தகம் இருக்கு, வெக்கையில் உருகி ஒட்டியும்விடும். மூன்று, ஐசியை ரெஜிஃபோமில் குத்தி வைப்பது. "எங்கட ஊர்ல ஈரம்தானே, ஸ்டேட்டிக் வராது" என்று சொல்வார்கள். பாதி உண்மை. காய்ந்த காற்றில் கார்ப்பெட்டில் நடந்தால் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம், ஈரக் காற்றில் அது 1,500 அளவுக்கு இறங்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சில மொஸ்ஃபெட் வகைகள் சாவதற்கு 1,500 எல்லாம் தேவையில்லை. 3,000 வோல்ட்டுக்குக் கீழே மனிதத் தோலுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சாமான் செத்தது உங்களுக்குத் தெரியாமலேயே இருக்கும். ஏசி போட்ட அறையில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கூட. ஐசி வந்த பையிலேயே வைத்திருங்கள். கறுப்பு ஃபோம் கிடைத்தால் எறியாதீர்கள்.

வெக்கையையும் மறக்கக்கூடாது. தகரக் கூரைக்கு நேர் கீழே அலுமாரிக்கு மேல் வைத்த டப்பா மத்தியானத்தில் அடுப்பு மாதிரி. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் பாவிக்கிற கணக்கு. அதனால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரம், ஆனால் கூரைக்குக் கிட்டவும் இல்லாத இடம், வெயில் படாத உள்சுவர்ப் பக்கம் பார்த்து வையுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

ஒரு ரெசிஸ்டர் சில ரூபாய்தானே, தேவை வந்தால் வாங்கலாமே என்று கேட்கலாம். கொழும்பில் இருப்பவருக்கு அது சரி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் அரை மணித்தியாலத்தில் வாங்கி வரலாம். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீட்டர், கற்பிட்டியிலிருந்து இன்னும் தூரம். அஞ்சு ரூபாய்ச் சாமானுக்கு பஸ் காசும் ஒரு நாளும் போகும். ஒன்லைனில் எடுத்தால் அனுப்புகிற கூலி சாமானை விடக் கூட. எங்களுக்கு ஒரு சாமானின் விலை என்பது அது வந்து சேருகிற தூரத்தையும் சேர்த்துத்தான்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு. நாட்டின் மிகப் பெரிய மின் நிலையம் எங்கட கரையில்தான் நிற்கிறது. நுரைச்சோலை லக்விஜய, 300 மெகாவாட் வீதம் மூன்று அலகு, முதல் அலகு 2011இல் வந்தது. அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். அதற்கு முன்னரே, 2021 செப்டெம்பரில், கையடக்கத் தொலைபேசி, வீட்டு மின்சாதனம் உட்பட 623 வகைப் பொருட்களை இறக்குமதி செய்ய முழுப் பெறுமதியையும் காசாக முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும் என்று மத்திய வங்கி சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. டொலர் இல்லை, அதனால் சாமானும் இல்லை. இருந்த சாமானின் விலை கைக்கு எட்டவில்லை.

கரண்ட் போய்ப் போய் வரும்போது முதலில் சாவது பவர் சப்ளைதான். ரூட்டர், சார்ஜர், எல்.ஈ.டி பல்பின் ட்ரைவர், டிவி. பல நேரம் உள்ளே போயிருப்பது ஒரே ஒரு கெப்பாசிட்டர் அல்லது ஒரு ஃபியூஸ். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் பெரும்பாலும் அதற்குள் இருக்கிற 2.5 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். அதே அளவில் நல்லது ஒன்று பழைய ஃபேனில் இருந்து கழற்றி, அளந்து, பேர் எழுதி வைத்திருந்தால் அன்றிரவு ஃபேன் ஓடும். இல்லாவிட்டால் புது ஃபேன்.

இந்த நிலைமை எங்கட காலத்தோடு தொடங்கியதும் இல்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அந்தக் காலத்தில் ரேடியோ திருத்தின ஆக்கள் ஒரு திருகாணியைக்கூட வீச மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, திருத்துவதைவிட வாங்குவது லேசானது. 2022 அந்தப் பழைய பாடத்தைத் திரும்ப நடத்தியது. மூன்றாவது தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க கரண்ட் போனதே, நுரைச்சோலையும் நின்று அதற்குப் பிறகும் சில நாள் மின்வெட்டு வந்ததே. இப்படி ஒரு நாட்டில் பேர் எழுதின ஒரு டப்பா சேமிப்புக் கணக்கு மாதிரி.

பேர் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது

சாமானைப் பாதுகாப்பது பாதி வேலை. மற்றப் பாதி, அது என்ன என்ற தகவலைப் பாதுகாப்பது. சர்ஃபேஸ் மவுண்ட் கெப்பாசிட்டரில் பெரும்பாலும் எந்த எழுத்தும் இருக்காது. அது வந்த நாடாவில் இருந்து கழன்று விழுந்தால் மீட்டர் வைத்து அளக்காமல் கண்டுபிடிக்க முடியாது. பேர் தெரியாத நூறு சாமான் வைத்திருப்பதும் ஒன்றும் இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான்.

அதற்காக நூறு பெட்டி வேண்டாம். ரெசிஸ்டரைப் பாருங்கள். வழமையாகக் கிடைக்கிற ஈ12 வரிசையில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 12 பெறுமதிதான்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இதைத் தனித்தனியாகப் பிரிக்கப் போனால் எழுபதுக்கு மேல் பை வேண்டும், இரண்டாம் நாளே அலுத்துவிடும். நாலு நிறப்பட்டை உள்ள ரெசிஸ்டராக இருந்தால் மூன்றாவது பட்டையை மட்டும் பார்த்துப் பிரியுங்கள். மூன்றாவது சிவப்பு என்றால் ஆயிரத்திலிருந்து 8,200 ஓம் வரை. செம்மஞ்சள் என்றால் பத்தாயிரத்திலிருந்து 82,000 வரை. ஆறு, ஏழு பையில் வேலை முடியும். தேவையானபோது ஒரு பையில் பத்து, இருபது ரெசிஸ்டரைத்தான் பார்க்க வேண்டி வரும், அதற்கு ஒரு நிமிடம் போதும். செராமிக் கெப்பாசிட்டரும் அப்படித்தான்: 104 என்றால் 10க்குப் பக்கத்தில் நாலு பூச்சியம், அதாவது 100,000 பிக்கோஃபரட், 100 நானோஃபரட். கடைசி இலக்கத்தை வைத்துப் பிரித்தால் போதும்.

லேபலைப் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் பரவும், சில மார்க்கர் மை வெயிலில் மங்கும். பெறுமதியோடு இரண்டு விசயம் கட்டாயம்: எதிலிருந்து கழற்றியது, எந்த மாதம். பழைய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பல வருடம் சும்மா கிடந்தால் அதன் உள்ளே இருக்கிற ஒக்சைட் படலம் பலவீனமாகும். முழு வோல்டேஜை ஒரேயடியாகக் கொடுத்தால் சூடாகி வெடிக்கவும் கூடும். திகதி இருந்தால் அந்த ஆபத்து முன்கூட்டியே தெரியும்.

கழற்றும்போதே அளந்து, அளந்தவுடனே எழுதி, எழுதின கையோடு பையில் போடுவதுதான் முறை. "பிறகு பிரிக்கலாம்" என்று ஒரு டப்பா வைத்தால் அது இன்னொரு லாச்சி ஆகிவிடும்.

கடிக்கிற சாமான்

இதுவரை சொன்னது காசும் நேரமும் சம்பந்தப்பட்டது. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது, இதில் சமரசம் கிடையாது.

முதலில் பொத்தான் பற்றரி. சி.ஆர்.2032 என்ற பேரிலேயே அளவு இருக்கு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. ஒரு சின்னப் பிள்ளையின் உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடிய அளவு. சிக்கினால், ஈரமான சதையோடு சேர்ந்து மின்னோட்டம் ஓடும், கடுமையான காரம் உண்டாகும், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சதை வெந்துவிடும். "செத்த பற்றரிதானே" என்பதும் பொய்யான ஆறுதல். ரிமோட்டை ஓட்ட முடியாத பற்றரியிலும் சதையைச் சுடுகிற அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இப்படி இறந்ததைத் தொடர்ந்து 2022இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இந்தப் பற்றரி போடுகிற இடத்தைக் கருவி இல்லாமலோ, ஒரே நேரத்தில் இரண்டு அசைவு இல்லாமலோ திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கட சந்தையில் விற்கிற லைட் எரியும் விளையாட்டுச் சாமான், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மலிவு ரிமோட் பலவற்றின் மூடியை நகத்தாலேயே திறக்கலாம். ஆகவே அந்தச் சட்டத்தை வீட்டில் நாங்களேதான் போட வேண்டும். புதுசோ பழசோ, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் டேப் ஒட்டி, பூட்டுப் போடக்கூடிய இடத்தில் வையுங்கள். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே 1990 சுவசெரியவுக்கு எடுங்கள் அல்லது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் பார்க்க நாணயம் மாதிரித் தெரியலாம், அதனால் "பற்றரியாக இருக்கலாம்" என்று டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலும் ஸ்பீக்கரிலும் இருந்து எடுக்கிற பலமான காந்தத் துண்டுகளையும் இதே பூட்டுக்குள் வையுங்கள். இரண்டு துண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இதனால்தான் டொபி டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் சாமான் வைக்கிற பழக்கத்தை நாங்கள் எதிர்க்கிறோம். பெரியவருக்கு அது டப்பா. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் படம் "உள்ளே இனிப்பு" என்று சொல்கிறது.

அடுத்தது லித்தியம் பற்றரி. பழைய லெப்டொப்பில் இருந்து கழற்றுகிற 18650 செல்லை எங்கட பெடியன்கள் டோர்ச்சுக்கும் பவர் பேங்குக்கும் போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் திறப்பு, காசு, திருகாணியோடு ஒரே பையில் போட்டால் இரண்டு முனையும் முட்டித் தீப்பிடிக்கும். 9 வோல்ட் பற்றரிக்கும் அதே கதை, அதன் இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருக்கு. ஒவ்வொரு செல்லுக்கும் தனிப் பிளாஸ்டிக் உறை, முனைக்கு டேப். நீண்ட நாள் வைப்பதென்றால் முழுக்கச் சார்ஜ் ஏற்றாமல் சுமார் பாதியில், 3.7 - 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

வீங்கின போன் பற்றரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், இன்னொரு தடவை சார்ஜில் போட்டுப் பார்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த மணல் போட்ட பழைய சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்துவிட்டு, சீக்கிரம் ஒப்படைக்க வழி பாருங்கள். உப்புத் தண்ணியில் போட்டால் செத்துப்போகும் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். முனை அரித்து, உறை உடைந்து, உள்ளே இருப்பது வெளியே வரும்.

கடைசியாக, பவர் சப்ளையில் இருக்கிற பெரிய கெப்பாசிட்டர். எங்கட 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக மாற்றினால் அது ஏறத்தாழ 325 வோல்ட். பிளக்கைக் கழற்றின பிறகும் அது உள்ளே தங்கி நிற்கலாம். சில கிலோஓம் உள்ள, வாட் கூடின ரெசிஸ்டர் ஒன்றால் வெறுமையாக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் அந்தப் போர்ட் லாச்சிக்குப் போகலாம். தம்பி தங்கச்சி கை வைக்கிற இடத்துக்கு "உயிரோட" ஒரு போர்ட்டை அனுப்பக்கூடாது.

எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லவில்லை

இதை வாசித்துவிட்டு வீட்டில் இருக்கிற உடைந்ததையெல்லாம் கழற்றிக் குவிக்கப் புறப்பட்டால், உம்மாமார் எங்களைத் தேடி வருவார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். சேமிப்பதற்கும் குவிப்பதற்கும் ஒரு சின்னச் சோதனை வைத்தால் போதும்: அளந்து நல்லது என்று தெரிந்ததா, பேர் எழுதியிருக்கா, எதற்கு உதவும் என்று ஒரு வரி சொல்ல முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் டப்பாவுக்குள். ஒன்றுக்காவது இல்லை என்றால் அது எங்கட வீட்டில் இருக்கிற மின்கழிவு, அவ்வளவுதான்.

மின்கழிவு என்றதும் எங்கட மாவட்டத்துக்கு ஒரு ஞாபகம் வரும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்புக் குப்பையை ரயிலேற்றி அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பிடித்தது. 2018இல் 'கிளீன் புத்தளம்' என்று நாட்கணக்கில் ஆக்கள் வீதியில் இருந்தார்கள். எங்களில் பலர் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். 2019இல் குப்பை வரத் தொடங்கியது. அந்தப் போராட்டத்தின் அடிப்படை நியாயம் லேசானது: ஒருவர் பாவித்து முடித்ததை இன்னொருவர் தலையில் கொட்டக்கூடாது.

அந்த நியாயம் எங்கட முற்றத்துக்கும் பொருந்தும். செத்த பற்றரியைத் தென்னங்கிடுகோடு சேர்த்து எரித்தால் புகை அடுத்த வீட்டுக்குப் போகும். களப்பில் வீசினால் இறாலும் மீனும் வளர்கிற தண்ணிக்குப் போகும். உலகம் முழுக்க 2022இல் மட்டும் 6.2 கோடி தொன் மின்கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம்தான் என்று 2024இல் வெளிவந்த ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது. மிச்சத்தின் ஒரு பகுதி எங்கட மாதிரி லாச்சிகளில் கிடக்கு, இன்னொரு பகுதி எங்கட மாதிரி ஊர்களில் எரிகிறது.

ஆகவே டப்பாக்களோடு இன்னொரு டப்பாவும் வேண்டும். "போக வேண்டியது" என்று எழுதின டப்பா. அது நிறைந்ததும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி உள்ள சேகரிப்பாளரிடமோ, மின்கழிவு எடுக்கிற இடத்திலோ கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் இருந்து நாலு பற்றரிக்காக யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். ஒரு தெருவே சேர்ந்தால் வருவார்கள்.

டப்பாவில் இருந்து பட்டியலுக்கு

தெரு என்று சொன்னதில்தான் எங்கட உண்மையான யோசனை இருக்கு. ஒரு வீட்டு டப்பாவால் எல்லாத் தேவையையும் சமாளிக்க முடியாது. உடப்பில் ஒருவரிடம் ஃபேன் கெப்பாசிட்டர் நாலு இருக்கும், பாலாவியில் ஒருவருக்கு ஒன்று தேவைப்படும். இரண்டு பேருக்கும் மற்றவரைத் தெரியாது. பேர் எழுதின சாமானைத்தான் பட்டியலில் போடலாம், பட்டியலில் இருக்கிறதைத்தான் கேட்டு வாங்கலாம். வீட்டு ஒழுங்கு இல்லாமல் ஊர்ப் பகிர்வு வராது.

இதற்குப் பெரிய அமைப்பு, அனுசரணை, திறப்பு விழா ஒன்றும் வேண்டாம். ஒரு பாடசாலை வகுப்பு, ஒரு விளையாட்டுக் கழகம், ஒரு வாட்ஸ்அப் குழு போதும். ஒவ்வொருவரும் தங்கட டப்பாவைப் பிரித்து, மிச்சமாக இருப்பதை ஒரு பொதுச் சீட்டில் எழுதினால், இரண்டு வாரத்தில் ஒரு ஊருக்குச் சின்ன உதிரிப்பாக நூலகம் கிடைக்கும். தொழில்நுட்பப் பிரிவில் புதுசாகச் சேர்கிற பிள்ளைக்கு அது முதல் புரொஜெக்டின் செலவைப் பாதியாக்கும். ஆழ்கடலுக்குப் போகிற வள்ளத்தின் ஜி.பி.எஸ் பழுதாகி நிற்கும்போது, கொழும்புக்கு அனுப்பி வரும்வரை தொழில் இல்லாமல் இருக்கிற ஒருவருக்கு அது ஒரு வாரச் சாப்பாடு. இறால் பண்ணையில் காற்றூட்டியின் மோட்டார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் மணித்தியாலக் கணக்கில் இறால் சாகும். அந்த நேரம் ஒரு கெப்பாசிட்டர் எங்கே இருக்கு என்று தெரிவது எவ்வளவு பெறுமதி என்று பண்ணைக்காரரிடம் கேளுங்கள்.

திருத்துகிற கை எங்கட ஊரில் நிறைய இருக்கு. குறைவது சாமான் என்று எல்லாரும் சொல்வார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சாமானும் நிறையவே இருக்கு, ஆனால் எது எங்கே என்று யாருக்கும் தெரியாமல், உப்புப் பூத்து, பேரில்லாமல், பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கு.

வருகிற போயா லீவுக்கு ஒரு வேலை சொல்கிறோம். லாச்சியை முழுக்க இழுத்து, ஒரு பழைய வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். முதலில் பற்றரி எல்லாவற்றையும் பொறுக்கி டேப் ஒட்டுங்கள், வேறு எதையும் தொடமுதல். பிறகு செத்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். நல்லதுக்கு ஏழு பை, ஒரு பென்சில், மூடி இறுகின ஒரு டப்பா. மூன்று மணித்தியாலத்தில் முடியும். முடிந்ததும் உங்களிடம் மிச்சமாக இருக்கிற மூன்று சாமானின் பேரை உங்கட குழுவில் போடுங்கள்.